ப்ளெட்டா, போஹினா, பொவெட்ஸா: ஸ்லோவேனியாவுல எங்க ரூம் போடுறது?

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர் போன வாரம் சாப்பிடும்போது பக்கத்துல வந்து உக்காந்து, "செப்டம்பர்ல ஸ்லோவேனியா போறோம், ப்ளெட்ல 6 நைட் புக் பண்ணியாச்சு, ராஃப்டிங், ட்ரெக்கிங், அந்த த்ரிக்லவ் மலை எல்லாத்தையும் அங்கேருந்தே முடிச்சிடலாம்ல?"ன்னு கேட்டார். நானும் முதல் தடவை மியூனிக்ல இருந்து கிளம்பும்போது அச்சு அசலா இதேதான் பண்ணேன், நாலு நைட் ப்ளெட், அதுல ரெண்டு நாள் முழுசா கார்லயே போச்சு. அதனால அவர்கிட்ட சொன்னதையே கொஞ்சம் விரிவா இங்க எழுதிடுறேன், அப்புறம் யாராவது கேட்டா இதையே அனுப்பிடலாம்.

விஷயம் என்னன்னா நாடு ரொம்ப சின்னது, 20,000 சதுர கிலோமீட்டர் சொச்சம், ஜனத்தொகை ஒரு 21 லட்சம், மேப்ல பாத்தா எல்லாமே அடுத்த தெரு மாதிரி தெரியும். ஆனா நடுவுல ஜூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடர் குறுக்க படுத்திருக்கு. போஹின் ஏரியில இருந்து பொவெட்ஸ் ஊருக்கு ஸ்கேல் வச்சு அளந்தா 25 கிலோமீட்டர்தான் வரும், கார்ல போனா சுத்தி சுத்தி ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும். ப்ளெட்ல இருந்து பொவெட்ஸும் அதே கதைதான், அதுவும் வர்ஷிச் கணவாய் ஏறி இறங்கணும், 50 ஹேர்பின் வளைவு, பின் சீட்ல உக்காந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. காலைல போய் ராஃப்டிங் பண்ணிட்டு சாயங்காலம் அதே வளைவுல திரும்பி வர்றதெல்லாம் ஒரு தடவை பண்ணா போதும்னு ஆயிடும்.

பேர் உச்சரிப்பு பத்தி ஒரு வார்த்தை. அவங்க எழுத்துல 'சி' (c) வந்தா 'ட்ஸ்'னு சொல்லணும், அதனாலதான் பொவெட்ஸ், சவிட்சாங்கற அருவி. நான் பொவெக் பொவெக்னு கேட்டு பஸ் கவுன்டர்ல அந்தம்மா முழிச்ச முழி இன்னும் ஞாபகம் இருக்கு.

எங்க தங்குறதுன்னு முடிவு பண்ண நான் இப்ப கேக்குற கேள்வி ஒண்ணுதான். மழை பெஞ்சா அன்னைக்கு என்ன பண்ணுவீங்க? ஏன் இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னா, ஏட்ரியாட்டிக் கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து நேரா வந்து முட்டுற முதல் பெரிய சுவர் இந்த மலைங்கதான், மேல முகடுகள்ல வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேலயே மழை கொட்டும். கோடையிலயும் காலைல பளிச்னு இருக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இடி ஆரம்பிச்சிடும். அஞ்சு நாள் போனா ஒரு நாளாவது நனையத்தான் போறீங்க.

ப்ளெட்ல மழை பெஞ்சா கவலையே இல்ல, அதுதான் அந்த ஊரோட பலமே. லுப்லியானா 55 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி இருக்கு, போய் ஊர் சுத்திட்டு வரலாம், இல்லன்னா கோட்டைக்கு ஏறலாம், கடையில உக்காந்து அந்த ஊரு க்ரீம் கேக் சாப்பிடலாம். 1953ல இருந்து அங்க போடுறாங்களாம், சதுரமா, மேல மொறு மொறுன்னு ஒரு தகடு, கீழ கஸ்டர்டு, ஃபோர்க் வச்சு அழுத்தினா எல்லாம் பக்கவாட்டுல பிதுங்கும். ஏரி நடுவுல தீவு, தீவுல சர்ச், படகுல போய் 99 படி ஏறி மணி அடிக்கலாம். வின்ட்கர்னு ஒரு பள்ளத்தாக்கு, 1.6 கிலோமீட்டர், பாறையில அடிச்ச மரப்பாதை மேல நடந்து போறது, 1893லயே திறந்துட்டாங்க, நல்லா இருக்கும், ஆனா கூட்டம், டிக்கெட் முன்னாடியே போட்டுடுங்க. இதெல்லாம் சேத்து ஒன்றரை நாள். அட்வென்ச்சர்னு கிளம்பினவங்களுக்கு அதுக்கு மேல அங்க வேலை இல்ல. ஏரியைச் சுத்தி ஒரு 6 கிலோமீட்டர் நடை, அதுவும் பாதி தூரம் ரோட்டோரம், ஆகஸ்ட்ல பார்க்கிங் தேடுறதுதான் அங்க நிஜமான சாகசம். வயசானவங்களோ கைக்குழந்தையோ கூட இருந்தா, இல்ல போட்டோ எடுக்குறதுதான் முக்கியம்னா, ஒரு நைட் போடுங்க. ஆறு நைட் வேணாம்.

போஹின் அங்கேருந்து 26 கிலோமீட்டர்தான், ஆனா ஆளே வேற. ஸ்லோவேனியாவோட பெரிய நிரந்தர ஏரி, 4 கிலோமீட்டருக்கு மேல நீளம், மூணு பக்கமும் மலை, கரையில பெரிய ஹோட்டல் கூட்டம் கிடையாது, த்ரிக்லவ் தேசியப் பூங்காவுக்குள்ள வருது. ரிப்செவ் லாஸ்ங்கற பக்கம் பஸ் வந்து நிக்கும், அந்தக் கோடியில உகான்ட்ஸ், ரெண்டுக்கும் நடுவுல மின்சாரப் படகு ஓடும், சத்தமே வராது. ஆகஸ்ட்ல தாராளமா குளிக்கலாம், கயாக் வாடகைக்குக் கிடைக்கும். உகான்ட்ஸ்ல இருந்து வோகெல் கேபிள் கார் ஏறினா 1,535 மீட்டர்ல கொண்டு விடும், அங்கேருந்து நடந்தா ரெண்டு மணி நேரத்துல உண்மையான மலை முகட்டுல இருக்கலாம், நடக்க முடியாதவங்க கேபிள் ஸ்டேஷன்லயே காபி வாங்கிட்டு எதிர்ல தெரியற த்ரிக்லவைப் பாத்துட்டு உக்காரலாம். ரெண்டாவது ட்ரிப்ல என் மாமியாரும் வந்திருந்தாங்க, முட்டி வலி, "நீங்க போய்ட்டு வாங்க மாப்ள, நான் இந்தப் பெஞ்ச்லயே இருக்கேன்"ன்னாங்க, நாங்க திரும்பி வர்றப்ப ரெண்டு ஆஸ்திரியப் பாட்டிகளோட சைகையிலயே பேசிக்கிட்டு மிக்சர் பாக்கெட்டைப் பிரிச்சு வச்சிருந்தாங்க.

ஆனா மழை கேள்விக்கு போஹின் கொஞ்சம் திணறும். எங்களுக்கு அந்தத் தடவை ரெண்டு நாள் விடாம பெஞ்சுது, எதிர்ல இருந்த மலையே காணாமப் போச்சு, முதல் நாள் முழுக்க அபார்ட்மென்ட்ல ரம்மி. ரெண்டாவது நாள் பொறுக்க முடியாம ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டு சவிட்சா அருவிக்குக் கிளம்பினோம், 500 படிக்கு மேல ஏறணும், டிக்கெட் கொடுக்குறவர் எங்களைப் பாத்து சிரிச்சார். மேல போனா, 78 மீட்டர் அருவி, வெயில் நாள்ல ரெண்டு கீத்தா அழகா விழுந்துட்டு இருக்கும், அன்னைக்கு சுவரே உடைஞ்ச மாதிரி விழுது, அந்தக் காத்துல கைப்பிடியைப் பிடிக்காம நிக்க முடியல, பேசுறது காதுல விழல. மழை நாள்ல அங்க போகத் தகுந்த இடம் இது ஒண்ணுதான், ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சும் போயிடும்.

போஹினுக்கு இன்னொரு பெரிய ப்ளஸ், கார் இல்லாமலே போகலாம். லுப்லியானால இருந்து ப்ளெட் வழியா பஸ், ரெண்டு மணி நேரம். கோடையில உள்ளுக்குள்ளயும் சின்ன பஸ்கள் ஓடும். ஸ்டாரா ஃபுஜினாங்கற கிராமத்துல இருந்து மொஸ்த்னிட்சா பள்ளத்தாக்கு, அங்கேருந்து ஏழு ஏரிப் பாதைன்னு நடக்குறதுக்கு மட்டும் ஒரு வாரம் காணாது. ஜூலியானா ட்ரெயில்னு மலையைச் சுத்திப் போற நடைபாதை ஒண்ணு இருக்கு, பிரதான வட்டம் 270 கிலோமீட்டர், 16 நாள் கணக்கு, உச்சி எதுவும் ஏறாம கிராமம் கிராமமா போறது, அதுல ரெண்டு மூணு நாள் மட்டும் நடக்குறவங்களும் நிறைய.

இப்ப பொவெட்ஸ். நான் பாரபட்சமாத்தான் எழுதப் போறேன், முன்னாடியே சொல்லிடுறேன்.

சோச்சா ஆத்தை முதல்ல பாக்கும்போது யாரோ சாயம் கலந்துட்டாங்கன்னுதான் தோணும். சுண்ணாம்புப் பாறையில இருந்து வர்ற தண்ணி, பச்சையும் இல்ல நீலமும் இல்ல, ஆழமான இடத்துல கீழ கிடக்குற கூழாங்கல்லை எண்ணலாம். 138 கிலோமீட்டர் ஓடி இத்தாலி பக்கம் கடல்ல சேருது, அதுல பொவெட்ஸுக்குக் கீழ, போகா அருவி இருக்குற இடத்துல இருந்து ஸ்ர்பெனிட்சா வரைக்கும்தான் சாதாரண ராஃப்டிங் ஓடுறது. அரை நாளுக்கு ஆளுக்கு 60, 70 யூரோ பக்கம் வாங்குவாங்க, சீசன் மார்ச் நடுவுல இருந்து அக்டோபர் கடைசி வரைக்கும். மே, ஜூன்ல மேல பனி உருகி தண்ணி வேகமா இருக்கும், ஆகஸ்ட்ல பாறை வெளிய தெரியும், குழந்தைகளோட போறவங்களுக்கு அதுதான் வசதி.

நாங்க போனது ஜூன். ஈரமான நியோப்ரீன் சூட்டை, அதான் குளிர் தாங்க உடம்போட ஒட்டிப் போடுற ரப்பர் உடுப்பு, ஒரு தொட்டியில இருந்து எடுத்துக் குடுத்தாங்க, முந்தின பேட்ச் போட்டது, அதை மாட்டுறதுதான் அன்னைக்கு ரொம்பக் கஷ்டமான வேலை, ஒரு காலை உள்ள விட்டுட்டு பஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டு குதிச்சுக்கிட்டே இருந்தேன், பக்கத்துல ஒரு டச்சு குடும்பத்துல பத்து வயசுப் பொண்ணு ரெண்டு நிமிஷத்துல போட்டுட்டு எங்களை வேடிக்கை பாத்துட்டு நின்னுது. படகுல நாலே கட்டளைதான், முன்னாடி துடுப்பு, பின்னாடி துடுப்பு, நிறுத்து, உள்ள உக்காரு. கடைசி கட்டளை வரும்போது யோசிக்காம தரையில உக்காந்திடணும், நான் அரை செகண்ட் யோசிச்சேன், தண்ணிக்குள்ள போய்ட்டேன். அவ்வளவு குளிர் தண்ணி நான் பாத்ததில்ல, மூச்சை இழுக்கத் தெரியுது, விடத் தெரியல. கைடு லைஃப் ஜாக்கெட் தோள்பட்டையைப் பிடிச்சு மீனைத் தூக்குற மாதிரி தூக்கிப் போட்டுட்டு, "வெல்கம் டு சோச்சா"ன்னார். இதுல முக்கியமான விஷயம், அன்னைக்கு மழை தூறிக்கிட்டுதான் இருந்துது, ஒருத்தரும் கவலைப்படல, எப்படியும் நனையத்தானே வந்திருக்கோம். ஆத்துல வெள்ளம் வந்தாத்தான் நிறுத்துவாங்க.

கேன்யனிங் அப்படி இல்ல. சுஷெட்ஸ்னு ஒரு ஓடை, வழுக்குப் பாறையில சறுக்கி சறுக்கி குளத்துல விழுறது, முதல் தடவை போறவங்களை அங்கதான் கூட்டிட்டுப் போவாங்க, சூப்பரா இருக்கும். ஆனா குறுகலான பள்ளம், மேல மழை பெஞ்சா உள்ள தண்ணி சட்டுனு ஏறும், அதனால வானம் கறுத்தாலே ரத்து பண்ணிடுவாங்க. ரத்து பண்ணா சண்டை போடாதீங்க, பண்ணாத கம்பெனிகிட்டதான் பயப்படணும். கேன்யனிங்கை ட்ரிப்போட முதல் நாளே புக் பண்ணிடுங்க, தள்ளிப்போனா அடுத்த நாள் கையில இருக்கும்.

ரொம்பப் பெரிய மழைன்னா கோபரிட் 20 கிலோமீட்டர். முதல் உலகப் போர்ல 1915ல இருந்து 1917 வரைக்கும் இந்த ஆத்தங்கரையிலயும் மேல மலை முகட்டுலயும் இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 12 தடவை மோதிக்கிட்டாங்க, கடைசி மோதல் இந்த ஊர் பேர்லதான் தெரியும். அங்க ஒரு மியூசியம், மூணு மணி நேரம் நகர முடியல எனக்கு. ராஃப்ட்ல கத்திக்கிட்டுப் போன அதே தண்ணி ஓரத்துல என்ன நடந்துதுன்னு பாத்தப்புறம் அடுத்த நாள் அந்த ஆறு வேற மாதிரி தெரிஞ்சுது. அங்கேருந்து பழைய பதுங்குகுழி வழியா கோஜ்யாக் அருவி வரைக்கும் ஒரு சுத்து நடை இருக்கு, எல்லாரும் நடக்கலாம். வர்ஷிச் ரோடே அந்தப் போருக்காக ரஷ்யக் கைதிகளை வச்சுப் போட்டதுதான், 1916 மார்ச்ல பனிச்சரிவுல நிறையப் பேர் செத்துட்டாங்க, வடக்குப் பக்கம் எட்டாவது வளைவுகிட்ட அவங்க நினைவா மரத்துல ஒரு சின்ன சர்ச் இருக்கு, வண்டியை நிறுத்திப் பாருங்க. அந்தப் பக்க வளைவுங்கள்ல இன்னும் கல் பாவின தரைதான், மழையில பைக் ஓட்டுறவங்க ஜாக்கிரதை.

பொவெட்ஸோட மைனஸ், கார் இல்லன்னா சிரமம். வர்ஷிச் வழியா பஸ் கோடையில மட்டும்தான், குளிர்காலத்துல ரோடையே மூடிடுவாங்க. போஹின் பக்கத்துல இருந்து சோச்சா பக்கத்துக்கு மலைக்கு அடியில 6 கிலோமீட்டருக்கு மேல நீளமான சுரங்கத்துல ரயில் போகுது, 1906ல போட்ட லைன், காரையே ரயில் மேல ஏத்தி நாம கார்க்குள்ளயே உக்காந்து போற சர்வீஸும் உண்டு, கும்மிருட்டுல நம்ம காருக்குள்ள நாமளே பேய் மாதிரி உக்காந்திருக்கறது செம அனுபவம். பராமரிப்பு வேலைன்னு அப்பப்ப நிறுத்துறாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஓடுதான்னு பாத்துக்கோங்க. அப்புறம் ஊர்ல சாயங்காலம் எட்டு மணிக்கு மேல ஒண்ணும் இருக்காது, எனக்கு அது ப்ளஸ்.

த்ரிக்லவை நான் வேணும்னே தனியா வச்சிருக்கேன், ஏன்னா அது ட்ரிப்புக்கு நடுவுல சொருகுற விஷயம் இல்ல. 2,864 மீட்டர், பேருக்கு அர்த்தமே மூணு தலை, அவங்க கொடியிலயே அந்த மலைதான் இருக்கு, ஸ்லோவேனியாக்காரன்னா ஒரு தடவையாவது ஏறணும்னு சொல்வாங்க. அதனால நம்மாளுங்களுக்கு "எல்லாரும் ஏறுறாங்களே"ன்னு ஒரு தைரியம் வந்துடும். பாதி உண்மை. ரூட்னோ போல்யேங்கற இடத்துல 1,347 மீட்டர்ல காரை விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சா குடில் வரைக்கும் அஞ்சாறு மணி நேரம், நல்ல ஸ்டாமினா இருக்குறவங்க யாரும் போகலாம், வழி நெடுக பாறையில வெள்ளைப் புள்ளி சுத்தி சிவப்பு வட்டம் வரைஞ்சிருப்பாங்க, அதைப் பாத்துக்கிட்டே போறதுதான். அதுக்கு மேல கதை மாறும். கிரெடரிட்சா குடில் 2,515 மீட்டர்ல இருக்கு, நைட் அங்க தங்கிட்டு விடியக்காலம் கிளம்பணும், ஹெல்மெட், இடுப்புல கட்டுற ஹார்னஸ் பட்டை, கம்பியில மாட்டுற ரெண்டு கொக்கி, இது மூணும் கட்டாயம் வேணும். பாறையில ஆணி அடிச்சு இரும்புக் கம்பி கட்டியிருக்காங்க, ஒரு கொக்கியைக் கழட்டி அடுத்த கம்பியில மாட்டுற வரைக்கும் இன்னொரு கொக்கி மாட்டியே இருக்கணும், இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துட்டா பயம் பாதி போயிடும். கடைசி முகடு ரெண்டு பக்கமும் பள்ளம். தொடை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது, எதிர்ல இறங்கி வர்ற ஒரு தாத்தா, எழுபது இருக்கும், ஒதுங்கி வழி விட்டு வணக்கம் சொல்லிட்டுப் போறார்.

உச்சியில தகரத்துல ஒரு குட்டி கோபுரம், நாலு பேர் நெருக்கி நிக்கலாம், யாகோப் அல்யாஷ்னு ஒரு பாதிரியார் உச்சி நிலத்தையே காசு குடுத்து வாங்கி 1895ல வச்சது. முதல் தடவை ஏறினவங்களைக் குனிய வச்சு கயித்தால பின்னாடி அடிக்கிறது வழக்கம், என் கைடும் விடல.

குடில்ல தண்ணி கிடையாது, பாட்டில் வாங்கணும், விலை கீழ விக்கிற மாதிரி இருக்காது, சுண்ணாம்பு மலையில தண்ணி எல்லாம் உள்ள இறங்கிடும், மழைத் தண்ணியும் பனித் தண்ணியும்தான் அவங்களுக்கே. பணமா யூரோ கையில வச்சுக்கோங்க, படுக்கைக்கு உள்ள போட சொந்தமா ஒரு துணிப்பை எடுத்துட்டுப் போங்க. பார்லி கஞ்சி, முட்டைக்கோஸ் பீன்ஸ் போட்ட யோட்டான்னு ஒரு சூப், ரெண்டும் சூடா கிடைக்கும். சைவம்னா கறி போட்டிருக்கான்னு கேட்டே வாங்குங்க, பெரும்பாலும் போட்டிருப்பாங்க. ஜூலைல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும்தான் இந்த ஏற்றம் சாதாரண ஆளுங்களுக்கு, அதுக்கு முன்னாடி பின்னாடி பனி. முன்ன பின்ன கம்பி பிடிச்சு ஏறினதில்லன்னா கைடு இல்லாம போகாதீங்க, ரெண்டு நாளுக்கு நூத்துக்கணக்குல யூரோ ஆகும், அதுல மிச்சம் பிடிக்க வேணாம். இதுக்கு பொவெட்ஸ்ல தங்குறது தப்பு, போஹின்தான் வசதி, ப்ளெட்டும் பரவாயில்ல.

அப்ப என் கணக்கு இதுதான். கார் இருக்கு, கூட வர்றவங்க நல்லா நீந்துவாங்க, தண்ணி விளையாட்டுதான் வேணும்னா நாலு நைட் பொவெட்ஸ், போற வழியில ஒரு நைட் ப்ளெட். கார் இல்ல, இல்ல த்ரிக்லவ் ஏறணும்னா போஹின், அதுலயும் மழைக்குன்னு ஒரு நாள் சும்மா விட்டு வைங்க. ரெண்டையும் பாக்கணும்னா மூணு மூணு நைட்டா பிரிச்சுக்கோங்க, நடுவுல இடம் மாறுற நாளை வர்ஷிச்சுக்குன்னு ஒதுக்கிடுங்க, காலைல சீக்கிரம் ஏறினா சைக்கிள்காரங்க கூட்டம் கம்மி.

சில்லறை விஷயங்கள். நெடுஞ்சாலைக்கு மின் விக்னெட் (ஆன்லைன்ல கட்டுற சுங்க பாஸ்) வாங்காம ஏறாதீங்க, கேமராவுல பிடிச்சுடுவாங்க, மியூனிக்ல இருந்து வர்றவங்களுக்கு ஆஸ்திரியாவுக்குத் தனியா, சுரங்கங்களுக்கும் தனியா. இந்தியாவுல இருந்து வர்றவங்களுக்கு ஷெங்கன் விசா, கட்டணம் 90 யூரோ, நேரடி விமானம் இல்ல, வெனிஸ், வியன்னா, ஜாக்ரெப் எங்க டிக்கெட் மலிவோ அங்க இறங்கி கார் எடுங்க. விசாவுக்கு எடுக்குற இன்சூரன்ஸ்ல மலை ஏற்றமும் மீட்பும் சேருமான்னு பாருங்க, நிறைய பாலிசில குறிப்பிட்ட உயரத்துக்கு மேல கிடையாதுன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. பூங்காவுக்குள்ள கண்ட இடத்துல டென்ட் அடிச்சா அபராதம். ஹோட்டலை விட வீட்டு வாசல்ல 'சோபே'ன்னு போர்டு போட்டிருக்குற ரூம், இல்ல கிச்சன் இருக்குற அபார்ட்மென்ட் பாருங்க, குக்கர் எடுத்துட்டுப் போனா ராத்திரி ரசம் வைக்கலாம், ஆத்துல நனைஞ்சுட்டு வந்து குடிக்கிற ரசத்துக்கு ஈடே கிடையாது.

அந்த ஆபீஸ்காரர் நேத்து வந்து, ப்ளெட்ல நாலு நைட்டைக் கேன்சல் பண்ணிட்டாராம், பொவெட்ஸ் போட்டிருக்கார். அவர் மனைவிக்கு நீச்சல் தெரியாதுன்னு அப்புறமாத்தான் சொன்னார். ராஃப்டிங்கை விட்டுடுங்க, ட்ரென்டா பள்ளத்தாக்கு பக்கம் சோச்சாவோட பெரிய பள்ளத்துல, 750 மீட்டர் நீளம், மேல பாதையில நடந்துட்டே பாக்கலாம், தொங்கு பாலங்கள் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கேன். "தொங்கு பாலம் ஆடுமா?"ன்னு கேட்டார். ஆடும்.